சிவப்பு நூல் கட்டிய சாவி

பள்ளிக்கூட நூலகத்தில் ஒரு புத்தகத்தின் கடைசி அட்டையைத் திருப்பி, அதில் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டைப் பார்த்தாலே அந்த ஊரில் எப்போது நடவு, எப்போது அறுவடை என்று சொல்லிவிடலாம். எங்கள் சீட்டுகளில் தை மாதம் பெரும்பாலும் வெறுமையாகத்தான் இருக்கும். சம்பா அறுவடை நேரம். பிள்ளைகள் களத்துமேட்டில் இருப்பார்கள். வைக்கோல் போர் போட்டு முடித்த பிறகுதான் மறுபடி தேதி முத்திரை விழும். ஜூன் 12-ல் மேட்டூரைத் திறந்து, கடைமடையான எங்கள் பக்கம்வரை தண்ணீர் வந்து சேர்ந்த வருஷம் என்றால் குறுவை நடவு சமயத்திலும் ஓர் இடைவெளி தெரியும். தண்ணீர் வராத வருஷங்களில் அந்த இடைவெளி இருக்காது. பிள்ளைகள் ஒழுங்காகப் பள்ளிக்கு வந்த வருஷங்கள் எல்லாம் வீட்டில் வருமானம் இல்லாத வருஷங்கள் என்பது எனக்குப் பிடிபடவே நாலைந்து வருஷம் ஆனது.

பள்ளி நூலகர் வேலையிலிருந்து 2022 மே மாதம் ஓய்வு பெறுவதற்கு முன்னால், பொறுப்பை ஒப்படைக்க வேண்டும் என்பதற்காக இருப்புச் சரிபார்த்தேன். ஆறு பீரோ, நாலு திறந்த அலமாரி. ஒவ்வொரு புத்தகத்தையும் கையில் எடுத்து, பதிவேட்டு எண்ணோடு ஒத்துப் பார்த்து டிக் அடிக்கிற வேலை. அதில் ஒரு ரஷ்யக் குழந்தைக் கதைப் புத்தகம் கைக்கு வந்தது. சோவியத் நாடு இருந்த காலத்தில் மாஸ்கோவிலேயே தமிழில் அச்சாகி, ஐந்து ரூபாய்க்கும் குறைவான விலையில் வந்துகொண்டிருந்த புத்தகங்களில் ஒன்று. அதில் எங்கள் பள்ளி முத்திரை மூன்று இருந்தது. முதல் முத்திரையில் தஞ்சாவூர் மாவட்டம். 1991-ல் மாவட்டத்தைப் பிரித்த பிறகு விழுந்ததில் நாகப்பட்டினம். 1997-க்குப் பிறகு திருவாரூர். பள்ளிக்கூடம் இருந்த இடத்திலேயேதான் இருந்தது.

அந்தப் புத்தகத்தில் தேதிச் சீட்டு ஒன்றன்மேல் ஒன்றாக ஏழு ஒட்டியிருந்தது. நீராவியில் காட்டிப் பிரித்துப் பார்த்தேன். முதல் ஐந்து சீட்டிலும் இடம் போதாமல் ஓரத்தில்கூட முத்திரை குத்தியிருந்தேன். ஆறாவதில் வருஷத்துக்கு நாலைந்து. ஏழாவதில் மூன்றே மூன்று தேதி, கடைசித் தேதி 2013. அதற்கப்புறம் ஒன்பது வருஷம் யாரும் எடுக்கவில்லை.

பிள்ளைகளுக்குப் படிக்கிற ஆசையே போய்விட்டது என்று ஊரில் எல்லாரும் சொல்கிறார்கள். 35 வருஷம் அந்த அறையில் உட்கார்ந்திருந்தவள் என்ற முறையில் நான் அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆசை அப்படியேதான் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் முன்பு யார் கணக்கிலும் வராத கொஞ்ச நேரம் இருந்தது. மார்க் கிடையாது, பரீட்சை கிடையாது, ‘எவ்வளவு முடிச்சே?’ என்று கேட்க ஆள் கிடையாது. அந்த நேரம்தான் என் நூலகம். அந்த நேரம் எப்படிப் போனது என்பதை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டி போகும் சாலையில் ஓர் அரசு உதவிபெறும் மேல்நிலைப்பள்ளி. 1987-ல் சேர்ந்தேன். அரசுப் பள்ளிகளில் பெரும்பாலும் நூலகர் என்று தனியாக ஆள் கிடையாது. தமிழாசிரியரிடமோ உடற்கல்வி ஆசிரியரிடமோ கூடுதல் பொறுப்பாகச் சாவி இருக்கும். பழைய உதவிபெறும் பள்ளிகள் சிலவற்றில்தான் அந்தப் பணியிடம் இருந்தது. எனக்கு அது அதிர்ஷ்டம்.

நூலக அறிவியல் படித்த எங்களுக்கு எஸ். ஆர். ரங்கநாதன் பாடப்புத்தகத்துப் பெயர் மட்டும் இல்லை, எங்கள் மண்ணின் மனிதர். 1892-ல் சீர்காழியில் பிறந்தவர். கணக்கு வாத்தியாராக இருந்து, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். நூலகத்துக்கு அவர் வகுத்த ஐந்து விதிகள் 1931-ல் வெளிவந்தன. அதே 1931-ல்தான் மன்னார்குடி மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். அதைத் தொடங்கிவைக்க ரங்கநாதனே வந்தார். நெல் மூட்டை ஏற்றுகிற வண்டியில் புத்தகம் போன மண்ணில் வேலை கிடைத்திருக்கிறது என்ற பெருமை எனக்கு எப்போதும் உண்டு.

புத்தகம் பயன்படுவதற்கே. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய புத்தகம். ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்குரிய வாசகர். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து. நூலகம் வளரும் உயிர். இந்த ஐந்தையும் சார்ட்டில் எழுதிச் சுவரில் மாட்டியிருந்தேன். நாலாவதைப் பார்க்கும்போதெல்லாம் யோசிப்பேன். புத்தகத்தைத் தேடி அலையாமல் உடனே எடுக்கும்படி அடுக்கி வைப்பதுதான் அதற்கு அர்த்தம். புத்தகங்களைத் துறைவாரியாக எண் கொடுத்துப் பிரிக்கிற டூயி முறைப்படி, தமிழ் இலக்கியத்துக்கு 894.811 என்று எண் எழுதி, முதுகில் ஒட்டி, வரிசை தப்பாமல் வைப்பேன். ஆறாம் வகுப்புப் பிள்ளை வந்து, “டீச்சர், போன வாரம் அவன் வச்சிருந்தானே, செவப்பு அட்டை, அது” என்று கேட்கும். அந்தப் பிள்ளைக்கு எண் தெரியாது. அது கேட்ட புத்தகம் எது என்று எனக்குத் தெரியும். எடுத்துக் கொடுக்க எனக்கு அரை நிமிஷம் போதும். ஆனால் அதைப் படிக்கிற நேரம் அந்தப் பிள்ளைக்கு எங்கிருந்து வரும்?

அப்போது வாரத்துக்கு ஒரு லைப்ரரி பீரியட் உண்டு. அது தவிர மதியச் சாப்பாட்டு இடைவேளை. சத்துணவு வரிசையில் சாப்பிட்டுத் தட்டைக் கழுவி, கையை உதறிக்கொண்டே வருவார்கள். ஈரக்கையோடு புத்தகத்தைத் தொடக்கூடாது என்று வாசலில் ஒரு பழைய துண்டு மாட்டி வைத்திருந்தேன்.

சனிக்கிழமைகளில் கிழிந்த புத்தகங்களைத் தைத்து ஒட்டுவோம். மைதாவைக் கரைத்துக் கூழ் மாதிரி காய்ச்சி, இறக்கும்போது கொஞ்சம் மயில்துத்தம் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் பசையைத் தின்ன வருகிற பூச்சி புத்தகத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். அதைப் பிள்ளைகள் கையில் கொடுக்க மாட்டேன், விஷம், நானேதான் போடுவேன். முதுகுக்குக் காலிகோ துணி, நாலு தையல், மேலே பழைய காலண்டர் அட்டை. தான் தைத்த புத்தகத்தை அந்தப் பிள்ளை முதலில் எடுத்துப் போகும். இதை நான் விதியாகவே வைத்திருந்தேன். படிக்கத் தடுமாறுகிற பிள்ளைகள்தான் தையலுக்கு அதிகமாக வருவார்கள். வகுப்பில் கிடைக்காத ஒரு பெயர் அங்கே அவர்களுக்குக் கிடைத்தது. தைத்த புத்தகத்தை மறுபடி மறுபடி பிரித்துப் பார்ப்பார்கள். முதலில் தையலைப் பார்க்கத்தான் பிரிப்பார்கள். அப்புறம் படத்தை. படத்துக்கு அடியில் இருக்கிற வரிக்கு எப்போது போனார்கள் என்று அவர்களுக்கே தெரியாது.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்.

நான் சேர்ந்த காலத்தில் மாலை மணி அடித்ததும் பெண்கள் ஓடுவார்கள். எங்கள் சுற்றுக் கிராமங்களுக்கு ஒரே டவுன் பஸ். அதை விட்டால் இருட்டிய பிறகுதான் அடுத்தது. பையன்கள் நடந்தோ, அப்பாவின் சைக்கிளிலோ போய்விடுவார்கள். அதனால் மாலையில் நூலகத்தில் பையன்கள் மட்டும்தான். பெண்கள் எடுத்துப் போகிற புத்தகமும் பாதியில் திரும்பி வரும். “வீட்டுல உக்காந்து படிச்சா வேலை ஏவுறாங்க டீச்சர்” என்பார்கள்.

எட்டாவதோடு நிறுத்தப்பட்ட பெண்கள் எத்தனையோ பேர். 1989-ல் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவித் திட்டம் வந்தது. மூவலூர் மாயவரத்துக்குப் பக்கத்து ஊர். அதுவும் எங்கள் காவிரிப் பக்கம். எட்டாவதுவரை படித்திருந்தால் ஏழைப் பெண்ணின் கல்யாணத்துக்கு 5,000 ரூபாய். அந்தப் பணத்துக்காகவாவது எட்டாவது முடிக்கட்டும் என்று பெண்களை அனுப்பி வைத்த வீடுகளை எனக்குத் தெரியும். நான் ஓய்வு பெற்ற வருஷம் அதே பெயரில் இருந்த திட்டத்தை, பெண்கள் கல்லூரியில் படிக்க மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் திட்டமாக மாற்றினார்கள். பழைய காலம் பொற்காலம் என்று யாராவது என்னிடம் பேச வந்தால் இந்த இரண்டையும்தான் சொல்வேன். என் பணிக்காலம் முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவில் நடந்தது.

சைக்கிள் வந்தது இன்னொரு பெரிய விஷயம். 2001-ல் பதினோராம் வகுப்பு ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கு என்று தொடங்கி, சில வருஷங்களில் எல்லாருக்கும் ஆனது. பள்ளி மைதானத்தில் சைக்கிள் வரிசையாக நின்ற நாள் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. ஹேண்டில்பாரில் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் ஓட்டிக்கொண்டு போனார்கள். அடுத்த வாரம் மாலை நாலரைக்கு ஏழெட்டுப் பெண்கள் நூலக வாசலில் நின்றார்கள். பஸ்ஸுக்கு ஓட வேண்டியதில்லை. “ஆறு மணிக்குள்ள போயிட்டா அம்மா ஒண்ணும் சொல்லாது டீச்சர்” என்றாள் ஒருத்தி. அதுவரை அவர்களுக்கு இல்லாத ஒரு மணி நேரத்தைச் சைக்கிள் கொடுத்தது. அந்த இரண்டு மூன்று வருஷம் மேல்நிலைப் பெண்கள் படித்த அளவுக்கு அதற்கு முன்பும் யாரும் படித்ததில்லை, பின்பும் இல்லை. கதை, வாழ்க்கை வரலாறு, சமையல், சட்டம் என்று எது கிடைத்தாலும் எடுத்தார்கள். ஒருத்தி நிலப்பட்டா பற்றிய புத்தகம் கேட்டாள். எதற்கு என்று கேட்டேன். “எங்க சித்தப்பா கூட வழக்கு” என்றாள். மாவட்ட மைய நூலகத்தில் சொல்லிவைத்து வாங்கிக் கொடுத்தேன்.

அப்புறம் ஸ்பெஷல் கிளாஸ் வந்தது. பத்தாவது, பன்னிரண்டாவது தேர்ச்சி விழுக்காட்டை வைத்துப் பள்ளியை அளக்கத் தொடங்கியிருந்த காலம். சுற்றிலும் மெட்ரிகுலேஷன் பள்ளிகள் வேன் விட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயின. காலை ஏழு மணிக்கு எங்கள் பள்ளி வாசல் வழியாகவே அந்த வேன்கள் போகும். ரிசல்ட் காட்டாவிட்டால் பிள்ளைகள் வர மாட்டார்கள், பிள்ளைகள் இல்லாவிட்டால் பணியிடம் போய்விடும். தலைமையாசிரியர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது, அவர்களுக்கு வேறு வழி தெரியவில்லை. நாலரையிலிருந்து ஆறு வரை சிறப்பு வகுப்பு. சைக்கிள் கொடுத்த அந்த ஒரு மணி நேரம் அப்படியே அதற்குள் போனது. லைப்ரரி பீரியடில் முதலில் பத்தாம் வகுப்பினுடையதைக் கணக்குக்கு எடுத்தார்கள். அப்புறம் ஒன்பதாம் வகுப்பு. கால அட்டவணையில் மட்டும் கடைசிவரை ‘நூலகம்’ என்று எழுதியிருந்தது.

2004 ஜூலை 16. கும்பகோணத்தில் ஒரு தொடக்கப் பள்ளியின் கீற்றுக் கூரை தீப்பற்றி 94 குழந்தைகள் இறந்தார்கள். மதியம் செய்தி வந்தபோது எங்கள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளும் கீற்றுக் கொட்டகையில்தான் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் உத்தரவுக்குக் காத்திருக்கவில்லை, அன்றைக்கே பிள்ளைகளை வெளியே அழைத்து வந்துவிட்டோம். அடுத்த வாரம் கொட்டகையைப் பிரித்தார்கள். ஆறாம் வகுப்புக்கு இடம் வேண்டும். இருந்த ஒரே பெரிய ஓட்டுக் கட்டடம் நூலகம். பீரோக்களை வராந்தாவுக்கு நகர்த்தினோம். நானே ஒரு பக்கம் பிடித்துத் தள்ளினேன். இரண்டு வருஷம் நூலகம் வராந்தாவில் இருந்தது. அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அந்தப் பிள்ளைகளுக்கு இல்லாத இடம் புத்தகத்துக்கு எதற்கு?

ஆனால் வராந்தாவில் உட்கார்ந்து படிக்க முடியாது. எடுத்துக்கொண்டு போகத்தான் முடியும். மறுபடி அறை கிடைத்தபோது, உள்ளே வந்து சும்மா உட்காருகிற வழக்கமே பிள்ளைகளிடம் விட்டுப்போயிருந்தது. அதை மறுபடி கொண்டுவருவதற்குள் 2012 வந்துவிட்டது.

2012-ல் முப்பருவ முறை வந்தது. பருவத்துக்கு ஒரு புத்தகம் என்று பிள்ளைகளின் பை எடை குறைந்தது. நிஜமாகவே நல்ல காரியம். அதோடு சேர்ந்து வளரறி மதிப்பீடு வந்தது. பரீட்சைக்கு 60, வருஷம் முழுக்கச் செய்கிற செயல்பாடுகளுக்கு 40. யோசித்தவர்கள் நல்ல எண்ணத்தில்தான் யோசித்திருப்பார்கள். எங்கள் பக்கம் வந்து சேரும்போது அது ‘பிராஜெக்ட்’ ஆகிவிட்டது. படம் ஒட்டி, பக்கத்தில் நாலு வரி எழுதினால் மார்க். கடையில் இரண்டு ரூபாய்க்குப் படத்தாள் விற்பார்கள். இரண்டு ரூபாய் இல்லாத பிள்ளை என்ன செய்யும்?

ஒரு நாள் மாலை புத்தகங்களை அடுக்கும்போது விலங்குகள் பற்றிய பெரிய படப்புத்தகம் கொஞ்சம் லேசாகத் தெரிந்தது. பிரித்தால் யானைப் பக்கத்தில் யானை இல்லை. பிளேடால் ஓரம் பிசகாமல் வெட்டி எடுத்திருந்தது. காதோரம் வளைவுகூட அப்படியே இருந்தது. அந்த ஓட்டை வழியாகப் பின்பக்கத்து நீர்யானையின் வாய் பாதி தெரிந்தது. புலி, மான், மயில் எல்லாம் போயிருந்தன. யார் என்று கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. ஏழாம் வகுப்புப் பெண், நன்றாகப் படிக்கிற பெண், அதே புத்தகத்தை முந்தின வருஷம் நாலு முறை எடுத்துப் போனவள். கூப்பிட்டுக் கேட்டேன். மறைக்கவில்லை. “படம் இல்லன்னா மார்க் இல்ல டீச்சர்” என்று சொல்லிவிட்டு அழுதாள்.

அவளை நான் திட்டவில்லை. என்னால் திட்ட முடியவில்லை. நாலு முறை ஆசையாக எடுத்துப் பார்த்த யானையை வெட்டும்போது அந்தப் பிள்ளை மனம் என்ன பாடு பட்டிருக்கும் என்று அன்றிரவு தூக்கமே வரவில்லை. மறுநாள் ஆசிரியர்கள் அறையில் இதைச் சொன்னேன். ஒன்றிரண்டு பேர் படம் வரைந்தாலும் மார்க் தருவதாக மாற்றிக்கொண்டார்கள். ஆனால் அதற்குப் பிறகு பிள்ளைகள் நூலகத்துக்கு வரும்போது கேட்கிற கேள்வியே மாறிப்போனது. முன்பு, “டீச்சர், புதுசா என்ன வந்திருக்கு?” இப்போது, “டீச்சர், காற்று மாசுக்கு என்ன இருக்கு?” எழுதிக்கொண்டு வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். படித்த புத்தகத்துக்கு ஒரு பக்கம் சுருக்கம் எழுதிக் காட்டினால் பரிசு என்று நாங்களும் சில வருஷம் செய்தோம். பிள்ளைகள் மெல்லிய புத்தகமாகத் தேடினார்கள். நான்தான் அந்தப் போட்டியைத் தொடங்கியவள், நானே நிறுத்தினேன்.

2018-ல் வந்த புதிய தமிழ்ப் பாடநூல்களைப் பார்த்தபோது எனக்கு உண்மையில் மனம் நிறைந்தது. இயல் முடிவில் ‘அறிவை விரிவு செய்’ என்று தலைப்புப் போட்டுப் புத்தகங்களின் பெயர்களைக் கொடுத்திருந்தார்கள். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் அந்தப் பட்டியலை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்து நீட்டினான். இருந்தவை மூன்றோ நாலோதான். மற்றவற்றுக்குப் பட்டியல் போட்டுப் பழைய மாணவர்களிடம் கேட்டேன், சிங்கப்பூரிலிருந்து ஒருவர் பணம் அனுப்பினார். பெட்டி வந்து சேர்வதற்குள் மாதங்கள் ஓடிவிட்டன. பட்டியலிலிருந்து பரீட்சையில் எதுவும் கேட்க மாட்டார்கள் என்று அதற்குள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

அந்த வருஷம் நவம்பர் 16 விடியற்காலையில் கஜா அடித்தது.

புயல் பற்றி எங்கள் பக்கத்தில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. இருபது முப்பது வருஷம் வளர்த்த தென்னை ஒரே ராத்திரியில் சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். நான் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தது மூன்றாம் நாள்; வழியெல்லாம் மரம். நூலகத்தின் ஓடு பாதி பறந்திருந்தது. பீரோவுக்குள் இருந்தவை தப்பித்தன. திறந்த அலமாரிகள் நாலும் நனைந்து ஊறிக் கிடந்தன. வகுப்பறைகளில் வீடிழந்த குடும்பங்கள் தங்கியிருந்தன. சத்துணவுக் கூடத்தில் சோறு வெந்துகொண்டிருந்தது.

நனைந்த புத்தகத்தைப் பிரிக்க அவசரப்படக் கூடாது, விட்டு வைக்கவும் கூடாது. நிமிர்த்தி வைத்து விசிறி மாதிரி விரித்து நிறுத்த வேண்டும். பத்து இருபது பக்கத்துக்கு ஒரு செய்தித்தாள் செருகி, அது ஈரத்தைக் குடித்ததும் மாற்ற வேண்டும். மின்விசிறி இருந்தால் நல்லது, எங்களுக்கு மூன்று வாரம் மின்சாரமே இல்லை. பழைய மங்கல் தாள் புத்தகங்கள் உப்பிப்போனாலும் காய்ந்து பிழைத்துவிட்டன. வழவழத் தாளில் அச்சான புதிய கலைக்களஞ்சியங்கள் பக்கம் பக்கமாக ஒட்டிக்கொண்டு செங்கல் மாதிரி ஆகிவிட்டன. சிங்கப்பூர் பணத்தில் வந்த பெட்டியில் பாதி போயிற்று.

முகாமில் இருந்த பிள்ளைகள் உதவிக்கு வந்தார்கள். தாள் மாற்று, பக்கம் திருப்பு என்று சொல்லிக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் சத்தமே இல்லை. தாழ்வாரத்தில் வரிசையாக விரித்து வைத்திருந்த புத்தகங்களுக்கு முன்னால் ஒவ்வொருவரும் குந்தி உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் காய்ந்தால்தான் அடுத்த பக்கம் திருப்ப முடியும் என்பதால் அதே பக்கத்தை இரண்டு முறை படித்தார்கள். ஒருவன் தன் புத்தகத்தில் காத்திருக்கும்போது பக்கத்துப் புத்தகத்தில் நாலு வரி. ஓர் அம்மா வந்து, “கூரை போயிருச்சு, இதுவ இங்க கத படிச்சிட்டு உக்காந்துருக்குவ” என்று சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. அவரும் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்தார்.

இரண்டு வாரம் இப்படிப் போனது. மணி கிடையாது, பரீட்சை கிடையாது, ஸ்பெஷல் கிளாஸ் கிடையாது. அந்த நாட்களில் யாருக்கும் நான் தேதி முத்திரை போடவில்லை, பதிவேட்டில் எழுதவும் இல்லை. ரஷ்யப் புத்தகச் சீட்டில் 2013-க்குப் பிறகு ஒன்றும் இல்லை என்று சொன்னேனே, அந்த இரண்டு வாரத்தில் அதை எத்தனை பேர் படித்தார்கள் என்று எனக்கே கணக்கு இல்லை. இவ்வளவு இழப்புக்கு நடுவில் இதை நல்ல நினைவு என்று சொல்ல நாக்கு கூசுகிறது. ஆனாலும் பிள்ளைகளுக்கு ஆசை போய்விட்டது என்று யாராவது சொன்னால், அந்தத் தாழ்வாரம்தான் என் கண் முன்னால் வருகிறது.

செல்போனைப் பற்றி நான் நீட்டிப் பேசப் போவதில்லை. அதனால் கெட்டதைப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். உதயமார்த்தாண்டபுரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பையன் தன் வயலில் நிற்கிற பறவை எது என்று என்னைக் கேட்டான். அலகு மூடினாலும் நடுவில் சந்து தெரியும் என்றான். எங்கள் பறவைப் புத்தகத்தில் கறுப்பு வெள்ளைப் படம், அடையாளம் காண முடியவில்லை. மறுநாள் அண்ணன் போனில் தேடிப் பார்த்துவிட்டு வந்து “நத்தைக்குத்தி நாரை டீச்சர்” என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தான். ரங்கநாதனின் நாலாவது விதியை அந்தப் போன் என்னைவிட நன்றாகவே நிறைவேற்றியது.

கொரோனாவுக்குப் பிறகு, 2021 நவம்பரில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகள் திரும்பி வந்தன. ஏழாம் வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் அதற்கு முன் ஐந்தாம் வகுப்பில் உட்கார்ந்தவர்கள். பலர் எழுத்துக்கூட்டிப் படித்தார்கள். அதுவரை பள்ளியின் கணினிப் பதிவேற்ற வேலைகளில் பாதி என் தலையில் இருந்தது. ஆதார் எண், உதவித்தொகை, எமிஸ் என்கிற மாணவர் விவரப் பதிவு என்று நாள் முழுக்கத் திரை முன்னால் இருப்பேன். ஓய்வுக்கு ஆறேழு மாதம்தான் இருக்கிறது, மதிய இடைவேளை மட்டும் என்னை விட்டுவிடுங்கள் என்று தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். வருகிற பிள்ளைகளுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன், அவ்வளவுதான். கேள்வி கேட்கவில்லை. இரண்டாவது வாரம் ஒரு பையன் என் தோளுக்குப் பின்னால் நின்று, நான் படிக்கிற வரிக்குமேல் விரல் வைத்துக்கொண்டே வந்தான். நான் வேகமாகப் படித்தால் விரல் பின்தங்கும். அவன் விரலுக்காக நான் நிறுத்தி நிறுத்திப் படித்தேன். பொங்கலுக்கு முன்பு ஒரு நாள் விரல் என்னைத் தாண்டிப் போய்விட்டது.

இருப்புச் சரிபார்த்தபோது அந்த ரஷ்யப் புத்தகத்தைக் கழிவுப் பட்டியலில்தான் சேர்த்திருக்க வேண்டும். அட்டை உப்பி, ஓரம் செல்லரித்திருந்தது. எனக்கு மனம் வரவில்லை. புதுக் காலிகோ போட்டுத் தைத்து, எட்டாவது சீட்டை வெறுமையாக ஒட்டி வைத்தேன். மே மாதம் ஆண்டுத் தேர்வு முடிந்த அன்று ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி வந்தாள். லீவுக்கு முன்னால் எல்லாப் புத்தகத்தையும் வாங்கி வைத்துவிட வேண்டும் என்பதுதான் விதி. அவள் அந்தப் புத்தகத்தைத்தான் எடுத்து நீட்டினாள். தேதி முத்திரையைத் திருகி 13 ஜூன் 2022 என்று வைத்துக் குத்தினேன். பள்ளி திறக்கிற நாள்.

“நீங்க இருக்க மாட்டீங்கன்னு சொன்னாங்களே டீச்சர். யார்கிட்ட குடுக்குறது?”

“யார் கதவத் திறக்கிறாங்களோ அவங்ககிட்ட குடு.”

எனக்குப் பிறகு அந்தப் பணியிடத்துக்கு யாரையும் போடவில்லை. சாவிக்கொத்தைத் தலைமையாசிரியர் அறையில் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கியிருந்தேன்.

ஜூன் 13 மதியம் தமிழாசிரியை போன் செய்தார். “அக்கா, உங்க புள்ள ஒண்ணு காலையிலேருந்து மூணு தடவ வந்து பூட்டப் பாத்துட்டுப் போவுது. கையில புத்தகம் வச்சிருக்கு, எங்ககிட்ட குடுன்னா குடுக்க மாட்டேங்குது. கதவத் திறந்தவங்ககிட்டதான் குடுக்கணுமாம். அந்தக் கொத்துல லைப்ரரி சாவி எது?”

சிவப்பு நூல் கட்டியது என்றேன்.